ரெவிட்டில் செக்‌ஷன் மார்க்கை எங்கள் அலுவலகத்தின் பழைய ஆட்டோகேட் மார்க் போலவே மாற்ற முடியுமா?

முடியும். (புதியவர்களுக்கு: ரெவிட், ஆட்டோகேட் இரண்டும் கட்டடப் படம் வரையும் மென்பொருள்கள். செக்‌ஷன் மார்க் என்பது கட்டடத்தை எங்கே வெட்டிப் பார்க்கிறோம், அந்த வெட்டுப் படம் எந்தத் தாளில் இருக்கிறது என்று காட்டும் குறி.) ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. "சமர்ப்பிக்க நேரமில்லை, இப்போதைக்கு வட்டத்தையும் முக்கோணத்தையும் வெறும் கோடாக வரைந்து மேலே எண்ணை டைப் செய்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் செய்து பார்த்தவன்.

நீங்கள் சிங்கப்பூரில் பத்துப் பதினைந்து பேர் உள்ள ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருக்கிறீர்கள், முதலாளி அறுபதைத் தாண்டியவர், படத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால்தான் பார்ப்பார் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும். ரெவிட் வாங்கிய பிறகும் பழைய மார்க்கே வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான் இருக்கும்.

நான் ஊரில் டிப்ளமா சிவில் முடித்துவிட்டு இங்கே டிராஃப்டராக வந்தவன், ஆட்டோகேட் காலத்து ஆள். எந்த நிறக் கோடு எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் அச்சாக வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு சிடிபி ஃபைல் இருந்தது. அதில் கை வைக்க யாருக்கும் தைரியம் வராது. லேயர்களுக்கு, அதாவது படத்தின் அடுக்குகளுக்கு, பெயர் வைக்க சிபி 83 என்ற சிங்கப்பூர் விதித்தொகுப்பு இருந்தது. பிறகு கட்டட, கட்டுமான ஆணையம் பிஐஎம், அதாவது கட்டடத்தின் முப்பரிமாண டிஜிட்டல் மாதிரி, வழியாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களின் ஆர்க்கிடெக்சர் படங்களில் தொடங்கி, 2015இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்கள் எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. நாங்களும் ரெவிட்டுக்கு மாறினோம்.

முதல் ரெவிட் படம் ஏ1 தாளில் அச்சாகி வந்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "இது யாருடைய டிராயிங்?" சுவர், கதவு, அளவு எதையும் அவர் பார்க்கவில்லை. செக்‌ஷன் மார்க்கைத்தான் பார்த்தார். எங்கள் மார்க் 12 மில்லிமீட்டர் வட்டம், நடுவில் ஒரு கோடு, மேலே செக்‌ஷன் எழுத்து, கீழே தாள் எண், பார்க்கும் திசையில் கறுப்பு முக்கோணம். அவர் சொந்த அலுவலகம் தொடங்கிய காலத்தில் கையால் வரைந்து வைத்த வடிவம் அது.

சமர்ப்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. நீங்கள் நினைத்ததையே நானும் செய்தேன். ரெவிட் தரும் மார்க்கை மறைத்துவிட்டு, டீட்டெயில் லைனில், அதாவது வெறும் கோட்டில், வட்டம் போட்டு, எண்ணைக் கையால் டைப் செய்து, க்ரூப்பாக்கி எல்லாத் தளங்களிலும் ஒட்டினேன். 9 செக்‌ஷன், 5 தளம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. மொத்தம் 90 வட்டம். பார்க்க அழகாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முதலாளி தலையாட்டினார்.

சமர்ப்பிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் படிக்கட்டு விவரப் படம் ஒன்று நடுவில் நுழைந்தது. 07 முதல் எல்லாத் தாள்களும் ஒரு எண் தள்ளிப் போயின. ரெவிட்டுக்குத் தெரிந்த எண்கள் எல்லாம் தானாக மாறின. என் 90 வட்டங்கள் மாறவில்லை. எங்களிடம் ஒரு ஜூனியர், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த பெண். இரவு ஒன்பது மணிக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "அண்ணா, ஏழாவது ஷீட்டத் திறந்தா படிக்கட்டுதான் வருது. செக்‌ஷன் எங்கண்ணா?" என்று கேட்டாள்.

இருவரும் உட்கார்ந்து கையால் திருத்தினோம். 87 திருத்தினோம், மூன்று விட்டுப்போயிற்று. அது அன்றைக்குத் தெரியவில்லை. டெண்டர் படம் கான்ட்ராக்டரிடம் போய், அவர் கேள்வி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. முதலாளி திட்டவில்லை. அந்த மூன்று வட்டத்தையும் சிவப்புப் பேனாவால் சுழித்து, தாளை என் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சரி, எப்படிச் செய்வது. செக்‌ஷன் ஹெட் டெம்ப்ளேட்டில் புது ஃபேமிலி (குறியின் மூல வடிவத்தை வைத்திருக்கும் ஃபைல்) தொடங்குங்கள். அதில் இருக்கும் இரண்டு ரெஃபரன்ஸ் பிளேன்களை, அதாவது வழிகாட்டிக் கோடுகளை, நகர்த்தவே கூடாது. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் செக்‌ஷன் கோடு வந்து சேரும், நகர்த்தினால் வட்டம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்று தொங்கும். தாளில் வர வேண்டிய அளவிலேயே வரையுங்கள். 12 மில்லிமீட்டர் வட்டம் 1:50லும் 1:200லும் 12 மில்லிமீட்டராகவே அச்சாகும், ஆட்டோகேட் பழக்கத்தில் ஸ்கேலால் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கறுப்பு முக்கோணத்துக்கு ஃபில்டு ரீஜன், அதாவது நிறம் நிரப்பிய பகுதி. எண்களுக்குக் கையால் அடிக்கும் டெக்ஸ்ட் வேண்டாம், எண்ணைத் தானாக எடுத்துக்கொள்ளும் லேபிள்தான். ஒன்றில் டீட்டெயில் நம்பர், மற்றொன்றில் ஷீட் நம்பர். லேபிளின் பண்புகளில் 'கீப் ரீடபிள்' என்பதை டிக் செய்ய மறந்தால், செக்‌ஷனைத் திருப்பும்போது எழுத்து தலைகீழாக நிற்கும். புராஜெக்டில் லோட் செய்த பிறகு மேனேஜ், அடிஷனல் செட்டிங்ஸ், செக்‌ஷன் டேக்ஸ் என்று போய் அங்கே உங்கள் ஹெட்டைக் கொடுக்க வேண்டும். லோட் மட்டும் செய்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள். செக்‌ஷனை ஏதாவது ஒரு தாளில் வைக்கும்வரை வட்டம் காலியாக இருக்கும். அது குறை இல்லை, எந்த செக்‌ஷன் இன்னும் தாளில் ஏறவில்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

தளத்தின் உயரத்தைக் காட்டும் லெவல் மார்க்கையும் இதோடு பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் படத்தில் தரைத்தளம் 0.000 என்று வந்தது. இங்கே சமர்ப்பிக்கும் படத்தில் மட்டத்தை எஸ்எச்டி, அதாவது சிங்கப்பூர் உயர மட்டத்தின் கணக்கில் காட்ட வேண்டும். அதற்கு வட்டத்தின் வடிவத்தை மாற்றிப் பயனில்லை. லெவல் டைப்பில் எலிவேஷன் பேஸ் என்று ஒரு வரி இருக்கிறது, அதை சர்வே பாயிண்ட் (நில அளவைப் புள்ளி) என்று மாற்ற வேண்டும். சர்வே பாயிண்டே தவறான உயரத்தில் இருந்தால் அழகான மார்க்கில் தவறான எண் வரும், அவ்வளவுதான்.

லைன் வெயிட், அதாவது கோட்டின் தடிமன், ஒரு பெரிய கதை. ரெவிட்டில் அதற்கு 16 எண்கள். கட்டடக் கோடுகளுக்கு ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனித்தனி தடிமன் கொடுக்கலாம், குறியீடுகளின் கோட்டுக்கு ஸ்கேல் கணக்கே இல்லை. பழைய சிடிபியை அப்படியே கொண்டுவர முயன்று இரண்டு வாரம் வீணாக்கினேன். நிறத்தை வைத்து யோசிக்கும் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. ஒரு புராஜெக்டில் சரியாக அமைத்துவிட்டால் டிரான்ஸ்ஃபர் புராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ் வழியாக மற்றதற்குக் கொண்டுபோகலாம்.

ரெவிட்டுக்குப் போட்டியான ஆர்ச்சிகேட்டில் இதெல்லாம் சுலபம் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். இருக்கட்டும். நான் ரெவிட்டுக்கு வக்கீல் இல்லை, அலுவலகம் வாங்கிக் கொடுத்ததில் வேலை செய்கிறேன்.

குறியீடு, எழுத்து என்று பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதே கட்டடத்தின் தடுப்பு வேலியில் நான்கு மொழிகளில் எச்சரிக்கைப் பலகை. தமிழ் வரிகள் "அபாயம்", "உள்ளே நுழையாதே". ஆட்டோகேட் படத்தில், அந்த மென்பொருளுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக நின்றது. யாரோ எழுத்துருவை மாற்றி, வேறொரு மென்பொருளில் ஒட்டிப் பலகைக்காரருக்கு அனுப்பிவிட்டார்கள். "அபாயம்" தப்பித்தது, அதில் கொம்பு இல்லை. அடுத்த வரியில் ளே, ழை, தே மூன்றிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. சைட்டில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள் படிப்பதற்காக வைத்த பலகை அது. நான் அதே அறையில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. பலகை மாட்டிய பிறகு, "நீ தமிழ்தானே, சரிபார்த்திருக்கலாமே" என்றார்கள். காட்டினால்தானே பார்ப்பதற்கு!

எங்கேயோ போய்விட்டேன். அந்த மூன்று வட்டத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமை அலுவலகம் போய் ஃபேமிலியை முறையாகச் செய்து, 90ஐயும் அழித்துவிட்டு உண்மையான மார்க்கைத் திரும்பக் கொண்டுவந்தேன். திங்களன்று முதலாளி அச்சுத் தாளில் ஸ்கேலை வைத்து வட்டத்தை அளந்தார். சரியாக 12. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முக்கோணம் ஒரு அரை மில்லிமீட்டர் பெரிசா இருக்கணும் லா" என்றார்.

ஃபேமிலியைத் திறந்து மாற்றி மறுபடி லோட் செய்ய இரண்டு நிமிடம் ஆனது. 90 இடத்திலும் மாறியது. அவரிடம் மறுநாள் மதியம்தான் கொடுத்தேன்.