கசடுக்குள் இருக்கும் உலோகம்: சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் வாசகர்களின் கேள்விகள்

கப்பல் பட்டறையில் பிளாஸ்டிங் வேலை அண்ணா, மணலை வேகமாக அடித்துப் பழைய பெயின்ட்டையும் துருவையும் எடுப்பது. நாங்கள் அடிக்கும் கறுப்பு மணலை காப்பர் ஸ்லாக், அதாவது செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு என்கிறார்கள். அதிலிருந்து செம்பை எடுக்க முடியாதா?

செம்பு இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், உடைந்த கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும். இரும்பும் சிலிக்காவும் சேர்ந்து உருகி, தண்ணீர் பட்டதும் சட்டென்று உறைந்த கண்ணாடிதான் அது. செம்பு அதற்குள் பொடித்துளிகளாகச் சிதறி மாட்டிக்கொண்டிருக்கிறது. இதே கசடைப் பெரிய சட்டிகளில் ஊற்றி மெதுவாக ஆறவிட்டால் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும், அப்புறம் அரைத்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்துவிடலாம். செம்பு உருக்காலைகள் சிலவற்றில் இப்படித்தான் எடுக்கிறார்கள். உங்கள் கைக்கு வருவது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட சரக்கு. அடித்து முடித்த இந்த மணலை, அதாவது கிரிட்டைச் சுத்தம் செய்து கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்ப்பது இங்கே வழக்கம், மணலை வெளியிலிருந்து வாங்கும் ஊருக்கு அது பெரிய உதவி. அந்த கிரிட்டில் கப்பலின் பழைய பெயின்ட்டும் கலந்திருக்கும் தம்பி, கூட்டி அள்ளும்போதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

பழைய இரும்பை உருக்கும் மின் உலையின் தூசியில் துத்தநாகம் இருக்கிறதாமே, அது எங்கிருந்து வந்தது?

பழைய தகரத்திலிருந்து. கூரைத் தகடு, கார் பாடி, பைப் இதெல்லாம் துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசியவை. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும், துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், புகையோடு மேலே ஏறி வடிகட்டிப் பைகளில் பழுப்புத் தூளாகச் சேரும். பார்க்க கோகோ பொடி மாதிரி இருக்கும், அவ்வளவு நைசு. ஒரு டன் எஃகுக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ தூசி வரும், அதில் ஐந்தில் ஒரு பங்கு துத்தநாகமாக இருப்பது சாதாரணம். சுரங்கத்தில் தோண்டி எடுக்கும் தாது பலவற்றில் இவ்வளவு கிடையாது! ஆனால் ஈயமும் காட்மியமும் கூடவே இருப்பதால் அப்படியே கொட்டவும் முடியாது.

அமிலத்தில் போட்டால் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஒரு பகுதிதான் வரும், மீதி இரும்போடு பிணைந்து ஃபெரைட்டாகக் கிடக்கிறது, லேசான அமிலத்துக்கு அது மசியாது. அதனால் உலகில் அதிகம் நடப்பது வெல்ட்ஸ் சூளைதான்: தூசியோடு கோக் கரி கலந்து, சுழலும் நீண்ட சூளையில் 1,200 டிகிரி வரை காய்ச்சினால் துத்தநாகம் மறுபடி ஆவியாகி, காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிவிடும். அதைப் பிடித்துத் துத்தநாக ஆலைக்கு அனுப்புவார்கள், இரும்பு கசடிலேயே தங்கிவிடும்.

நான் போன ஓர் ஆலையில் இந்தத் தூசி டிரம்களுக்குள்ளேயே எண்ணெய்க் கசண்டையும் தரை கூட்டிய குப்பையையும் போட்டு வைத்திருந்தார்கள். தனியாக வைத்திருந்தால் வாங்க ஆள் இருந்தது, கடைசியில் காசு கொடுத்து அகற்ற வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. தயவுசெய்து கலக்காதீர்கள்.

அலுமினியம் உருக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. உருகிய அலுமினியத்தின் மேல் படியும் ஆடையான டிராஸை மூட்டை கட்டி வைத்திருந்தோம், அவை மழையில் நனைந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை. ஏன்?

அது அம்மோனியா. டிராஸில் இருக்கும் அலுமினியம் நைட்ரைடு தண்ணீர் பட்டதும் அதை விடும், கூடவே ஹைட்ரஜனும் வரலாம், மூட்டை சூடாகி நெருப்பே பிடிக்கலாம். இன்றே கூரைக்கடியில், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம். இன்னொன்று, டிராஸை உலையிலிருந்து வாரிய சூட்டோடு அழுத்திப் பிழிந்தால் உள்ளே இருக்கும் நல்ல உலோகம் வடிந்துவிடும். திறந்து போட்டால் அந்த உலோகம் எரிந்து வீணாகும், உங்கள் காசுதான் போகிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பழைய கேட்டலிஸ்டில் (வினையூக்கியில்) என்ன கிடைக்கும்?

மாலிப்டினம், வனேடியம், நிக்கல் அல்லது கோபால்ட். சோடா உப்போடு வறுத்துத் தண்ணீரில் கரைத்தால் முதல் இரண்டும் கரைசலுக்கு வரும், மற்றவை திடப்பொருளில் நிற்கும். காற்றுப் பட்டால் தானே சூடாகும் சரக்கு, டிரம்மைத் திறந்து வைக்காதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அனுமதியை முதலில் வாங்குங்கள்.

சிங்கப்பூரின் குப்பை நிரப்பிடமான செமக்காவ் தீவுக்குப் போகும் சாம்பலில் உலோகம் வீணாகிறதா?

முன்பைவிடக் குறைவு. எரித்த குப்பையின் சாம்பலிலிருந்து இரும்பைக் காந்தம் இழுத்துவிடும். 2015இல் துவாஸில் திறந்த மீட்பு ஆலையில் அலுமினியம், செம்பு போன்றவற்றையும் பிரிக்கிறார்கள். வேகமாகச் சுழலும் காந்த உருளைக்கு மேல் சாம்பல் ஓடும்போது அலுமினியம், செம்புத் துண்டுகள் தவளை மாதிரி எகிறித் தனியே விழும். ரொம்பப் பொடியானவை எகிறாது, அவைதான் இன்னும் தீவுக்குப் போகின்றன.