பிள்ளைகள் தட்டில் நிறம்: கேள்வி பதில்

கீரை, பழம், மஞ்சள் ஆகியவற்றின் நிறத்துக்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று சேலம் பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்கு, குழந்தைகள் உணவு ஆலோசகராக நான் எழுதிய பதில்கள் இவை.

கே: நாலு வயசு மகனுக்கு லூட்டீன் சேர்த்த பவுடர் கொடுக்கச் சொல்கிறார்கள். மூளைக்கு நல்லதா அக்கா? (கன்னங்குறிச்சி)

லூட்டீன் நல்லதுதான். அதைப் பவுடராக வாங்கத் தேவையில்லை. கீரை, மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றிலும் இருக்கிற மஞ்சள் நிறமி அது. கீரையில் பச்சையம் மூடிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாப்பிட்ட பிறகு விழித்திரையின் நடுப்பகுதிக்கும் மூளைக்கும் போய்ச் சேர்கிறது. இறந்துபோன கைக்குழந்தைகளின் மூளையை ஆராய்ந்தபோது, அங்கிருந்த கரோட்டினாய்டு எனப்படும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளில் ஏறக்குறைய 59 சதவீதம் லூட்டீன். அமெரிக்கக் குழந்தைகளின் சாப்பாட்டில் அதன் பங்கு 12 சதவீதம்தான். அப்படியானால் மூளை அதைத் தேர்ந்து எடுத்துக்கொள்கிறது.

விழித்திரையில் இந்த நிறமி அடர்த்தியாக உள்ள பிள்ளைகள் படிப்பிலும் சற்று மேலாக இருந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் கீரை நிறையச் சமைக்கிற வீட்டில் வேறு நல்ல வசதிகளும் இருக்கலாம். அதனால் லூட்டீன் கொடுத்தால் மார்க் ஏறும் என்று சொல்ல நான் தயாரில்லை. டப்பாவில் வருவது பெரும்பாலும் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்ததுதான். அந்தக் காசுக்கு அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாங்குங்கள்.

கே: எங்கள் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் காய்க்கிறது. பாப்பாவுக்குக் கொடுக்கலாமா? (ஏற்காடு)

தாராளமாக. அதிலேயே லூட்டீனும் உண்டு, கொழுப்பும் உண்டு. இந்த நிறமிகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக ஏறும். வெறும் தண்ணீரில் வெந்த கீரையைவிட, கடைந்து ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்ட கீரை மேல். வேக வைத்தால் சத்து போய்விடும் என்று பயப்படாதீர்கள். கரோட்டினாய்டுகள் சமையல் சூட்டை ஓரளவு தாங்கும். வெந்து குழைந்ததில்தான் அவை எளிதாக வெளியே வரும்.

கே: எட்டு மாதக் குழந்தைக்குத் தினமும் பரங்கிக்காயும் கேரட்டும் மசித்துக் கொடுக்கிறேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. (அம்மாபேட்டை)

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்து, கையும் மூக்கு நுனியும் மட்டும் மஞ்சளாக இருந்தால், அது கரோட்டின் தோலில் படிந்த நிறம். காய்களை மாற்றிக் கொடுத்தால் சில வாரங்களில் மங்கிவிடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கே: சீம்பால் மஞ்சளாக இருக்கிறது, பீய்ச்சிக் கொட்டிவிடு என்கிறார் மாமியார்.

கொட்டவே கூடாது. அந்த மஞ்சள் கரோட்டினாய்டு நிறம். கிருமியை எதிர்க்கும் சக்தியும் அதில்தான் செறிவாக இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்குங்கள். மாமியாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கே: ப்ளூபெர்ரி சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடுமாமே?

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ப்ளூபெர்ரி பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சில சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது குடித்த சில மணி நேரத்துக்குள் அளந்தது. ப்ளூபெர்ரியில் உள்ள ஊதா நிறமி நாவல் பழத்திலும் இருக்கிறது, சீசனில் அதையே கொடுங்கள்.

கே: பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறுமா? மகளுக்கு ரத்தசோகை. (தாதகாப்பட்டி)

அந்தச் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பீட்ரூட்டில் இரும்புச்சத்தும் குறைவுதான். இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் இரும்புச்சத்துக் குறைவுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் 5 வயதுக்குள்ளான குழந்தைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மருத்துவர் எழுதிய இரும்பு டானிக்கை நிறுத்தாதீர்கள். கேழ்வரகு, பயறு, முடிந்தால் ஈரல் கொடுங்கள். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும், டீ அதைத் தடுக்கும்.

கே: லீ பஜாரில் மஞ்சள் மொத்தமாக வாங்குவோம். தினம் மஞ்சள் பால் கொடுத்தால் மூளைக்கு நல்லதா?

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் உடலில் மிகக் குறைவாகத்தான் ஏறுகிறது. அதைவிட நிறம் கூட்டச் சேர்க்கிற லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பங்களாதேஷில் கிழங்குக்கு மெருகேற்ற அதைப் பூசியதை 2019இல் ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அதில் உள்ள ஈயம் பிள்ளைகளின் மூளையை நிரந்தரமாகப் பாதிக்கும், சமைத்தாலும் போகாது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக, தொட்டதும் விரலில் நிறம் அப்பிக்கொள்கிற கிழங்கை எடுக்காதீர்கள். மண் நிறம் படிந்த, மெருகேற்றாத விரலி மஞ்சளைத் தெரிந்த விவசாயியிடம் வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.