ஏர்போர்ட்டுக்கு ரயில் இல்லாத தலைநகரம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏர்போர்ட்டிலிருந்து ரயில் இல்லை, ஸ்டாப் பலகையில் 2 நிமிடம் என்று காட்டிவிட்டு பஸ் காணாமல் போகிறது, பாத்ரூம் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வருகிறது, இதுவா பணக்கார நாடு, பொதுவாழ்க்கை எப்படி, சிவில் இன்ஜினியரிங் படித்த நான் இங்கே தங்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 2007-ல் அயர்லாந்தின் தலைநகரம் டப்ளினில் இறங்கிய புதிதில் நானும் ஊருக்கு போன் போட்டு இதே மாதிரிதான் புலம்பினேன். தங்கலாம் என்பது என் பதில்.

முதலில் அந்தக் குழாய். வீட்டு அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) ஏறிப் பாருங்கள். தொட்டி நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் ஃப்ளோட் வால்வோடு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். நம் ஊர் மொட்டைமாடி டேங்க்தான், கூரைக்குள் ஒளிந்திருக்கிறது. பல வீடுகளில் சமையலறையின் குளிர்ந்த நீர்க் குழாய் மட்டும் தெருவில் போகும் மெயின் குழாயிலிருந்து நேராக வரும். மற்றதெல்லாம் இந்தத் தொட்டி வழியாகத்தான். தொட்டிக்கும் மாடி பாத்ரூமுக்கும் இரண்டு மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் அதிகம். அப்புறம் பிரஷர் எங்கிருந்து வரும்? நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் தொட்டிக்கு மூடியே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். என்ன மிதந்தது என்று இங்கே எழுத வேண்டாம். மூன்று மாதம் அந்தத் தண்ணீரில் பல் தேய்த்திருக்கிறேன்.

தெருவுக்கு அடியில் கதை இன்னும் பெரியது. நாடு முழுக்கச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. டப்ளினுக்குப் பெரும்பகுதித் தண்ணீர் லிஃபி என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. 2019 அக்டோபரில் லீக்ஸ்லிப் சுத்திகரிப்பு நிலையத்தில் கோளாறு என்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெயரிலேயே 'லீக்' இருக்கிறதே என்று என் மனைவி கேட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே அறிவிப்பு. சரி, காசு வசூலித்துக் குழாய் மாற்றலாமே என்றால், 2014-ல் மீட்டர் வைக்கப்போனபோது மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். 2016-ல் கட்டணமே நின்றது. உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பில் வராததன் காரணம் அதுதான்.

நாம் லண்டனையும் பாரிஸையும் மனதில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறோம். அயர்லாந்தோ 1980-களில்கூடப் பிள்ளைகளை வேலை தேடி வெளிநாட்டுக்கு வழியனுப்பிய நாடு. கையில் காசு புரண்டது தொண்ணூறுகளில்தான். அந்தக் காசில் டப்ளினிலிருந்து கார்க், கால்வே, லிமரிக் ஊர்களுக்கு மோட்டார்வே போட்டு 2010-க்குள் முடித்தார்கள், நன்றாகவே முடித்தார்கள். அந்த நேரத்தில்தான் வங்கிகள் கவிழ்ந்தன, 2010-ல் நாடே கடன் கேட்டுக் கையேந்தியது. என் அலுவலகத்தில் பாதி மேஜைகள் காலி; கூட வேலை பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும் மெட்ரோவை 2005-ல் அறிவித்து 2011-ல் கிடப்பில் போட்டார்கள். நம் சென்னை மெட்ரோ 2009-ல் தோண்ட ஆரம்பித்து 2015-ல் ஓடியே விட்டது. இங்கே புதுத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்ததே 2025-ல்தான்.

இவர்களுக்குப் பெரிய வேலை செய்யத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாடு பிறந்து மூன்றே வருடத்தில், 1925-ல், ஷானன் ஆற்றின் குறுக்கே நீர்மின் திட்டம் தொடங்கி 1929-ல் ஆர்ட்னக்ரஷாவில் மின்சாரம் எடுத்தார்கள். இன்றும் அது ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆனால் இன்று மின்சாரத்துக்கு இருக்கும் பசி வேறு ரகம்: 2023-ல் மீட்டரில் பதிவானதில் 21 சதவீதத்தை டேட்டா சென்டர்களே குடித்தன. 2025 ஜனவரியில் ஏயோவின் புயல் அடித்தபோது 7,68,000 இணைப்புகள் இருண்டன. மேற்கே சில வீடுகளுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது.

பொதுவாழ்க்கை என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு சம்பவம். சில வருடங்களுக்கு முன் ஒரு சிற்றூரில் மழைநீர் வடிகால் வேலை. வரைபடத்தை ஊர் மக்களுக்குக் காட்ட அங்கிருந்த விளையாட்டு கிளப் ஹாலை எடுத்திருந்தோம். டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு (இங்கே மந்திரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்), டீக் கோப்பையை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டு, விரலால் ஒரு கோடு இழுத்தார். "இங்கே ஓடை இருந்தது, என் அப்பா காலத்தில் மூடினார்கள். கனமழை என்றால் தண்ணீர் இன்னும் இப்படித்தான் வரும்." எங்கள் சர்வேயில் அது இல்லை. தோண்டினோம். கல் வைத்துக் கட்டிய பழைய கால்வாய் கிடந்தது. வேலை எட்டு மாதம் தள்ளிப்போனது. எனக்கு மேலிடத்தில் திட்டும் கிடைத்தது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நாலு வீட்டுக்குள் தண்ணீர் போயிருக்கும்.

உங்கள் தெருவில் யார் வீட்டு கேட்டிலாவது வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். கட்டட அனுமதி நோட்டீஸ் அது. 20 யூரோ கட்டினால் ஐந்து வாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து சொல்லலாம், நீங்களும்தான். ஜன்னல் காட்சி மறைகிறது என்று அடுக்குமாடி வீடுகளை எதிர்ப்பவர் கட்டுவதும் அதே 20 யூரோதான். வீடு கிடைக்காமல் ஓர் அறையில் நாலு பேர் தங்கும் ஊரில் அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். செலவு விஷயத்திலும் கூத்து உண்டு: நாடாளுமன்ற வளாகத்தில் 18 சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை, சுமார் 3,36,000 யூரோ. எந்த பப்பில் உட்கார்ந்தாலும் அந்தத் தொகையை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

2025 கோடையில் நம்மவர்கள் மேல் நடந்த தாக்குதல்களை மறைக்க மாட்டேன். இந்தியத் தூதரகமே எச்சரிக்கை விட்டது. இரவு நேரத்தில் ஆளில்லாத வழியில் தனியாக நடக்காதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கவும் வேண்டாம்.

வேலைக்கு வருவோம். மேலே சொன்ன ஓட்டை ஒழுகலெல்லாம் நமக்குச் சோறு. கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் (ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கான வேலை அனுமதி) என்றால் இரண்டு வருடத்தில் ஸ்டாம்ப் 4-க்கு, அதாவது பெர்மிட் இல்லாமலே வேலை பார்க்க விடும் குடியிருப்பு அனுமதிக்கு, வழி உண்டு. உங்கள் படிப்புக்கு என்பிஏ (இந்தியாவில் பொறியியல் படிப்புகளை அங்கீகரிக்கும் வாரியம்) தரும் டயர்-1 அங்கீகாரம் இருந்ததா என்று கல்லூரியில் கேட்டு வையுங்கள். பின்னால் சார்ட்டர்ட் இன்ஜினியர் என்ற தொழில்முறைப் பட்டம் வாங்கும்போது உதவும். அப்புறம், உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப்போட இங்கே குடியுரிமை தேவையில்லை, குடியிருந்தால் போதும். நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அடுத்தது 2029-ல், இப்போதே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள்.

அட்டிக் டேங்குக்கு மூடி இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே ஏறிப் பார்த்துவிடுங்கள்.