பல்செட்டுக்குள் வைத்த மெத்தை

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். அம்மாவுக்கு 72 வயது, பன்னிரண்டு வருடமாக ஒரே பல்செட். கீழ் செட் ஈறை அறுக்கிறது என்று போன வருடம் ஆடியில் உள்பக்கம் மெத்தை மாதிரி சாஃப்ட் லைனிங் வைத்தோம். நாற்காலியில் உட்கார வைத்தே அரை மணியில் முடித்துக் கொடுத்தார்கள். ஐந்தாறு மாதம் கறிக்குழம்பு வரை சாப்பிட்டார். இப்போது திரும்பவும் ரசம் சோறுதான். லைனிங் கெட்டியாகி, சொரசொரத்து, வாடை அடிக்கிறது. ‘நான்தான் ஒழுங்காகக் கழுவவில்லை போல’ என்று வருத்தப்படுகிறார். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், தப்பு அவர் பேரில் இல்லை. ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல மாட்டேன். எத்தனை மாதம் தாங்கும் என்று வைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும், அது விட்டுப்போயிருக்கிறது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது அக்ரிலிக் வகை. அக்ரிலிக் இயல்பில் கெட்டியான பொருள். எண்ணெய் மாதிரியான பிளாஸ்டிசைசர் என்ற திரவத்தைக் கலந்துதான் அதை மெத்தென்று ஆக்குகிறோம். வாயில் இருக்க இருக்க அந்தத் திரவம் எச்சிலில் கரைந்து வெளியேறிவிடும். கொடிக்காலில் கிடக்கும் தண்ணீர் ட்யூப் நாளாக நாளாக விறைத்து மடக்க முடியாமல் போகிறதே, அதுவும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். உட்கார்ந்த இடத்தில் வைக்கும் லைனிங் சில மாதங்களிலேயே இறுக ஆரம்பிக்கும். எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் அதை நிறுத்த முடியாது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேலூர்க்காரர் ஒருவருக்கு இதே லைனிங் வைத்தேன். ‘இப்பத்தாம்மா சோத்துல ருசி தெரியுது’ என்றார். அந்தச் சந்தோஷத்தில் எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொல்ல மறந்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஈறில் புண்ணோடு வந்தார். பல்செட் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொரு வகை சிலிக்கோன். அதற்குப் பிளாஸ்டிசைசர் தேவையில்லை, தானாகவே மெத்தென்று இருக்கும். லேபில் சூட்டில் பதப்படுத்தி வைத்தது என்றால் வருடக்கணக்கில் துள்ளல் குறையாது. ஆனால் அது பல்செட்டின் அக்ரிலிக்கோடு தானாக ஒட்டாது, பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும். அதனால் ஓரம் பிரியும், பிரிந்த இடத்தில் சோற்றுப் பருக்கையும் அழுக்கும் சேரும். இரண்டு வகையிலுமே கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறும். உங்கள் அம்மாவின் செட்டில் வாடை வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, மெத்தைக்கு இரண்டு மில்லிமீட்டராவது கனம் வேண்டும். அந்த இடத்துக்காகச் செட்டை உள்ளே சுரண்டுவதால் அது மெலிந்துவிடும். கழுவும்போது கைதவறி விழுந்தால் இரண்டாகிவிடும். கீழே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவச் சொல்லுங்கள்.

சரி, திரும்ப வைக்கலாமா? அந்தப் பழைய செட்டில் வேண்டாம். பல் போன பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். 25 வருடத் தேய்மானத்தைக் கணக்கிட்டு 1972-ல் வெளியான ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அளவெடுத்த செட் இன்றைய ஈறில் எப்படி உட்காரும்? முதலில் புண்ணை ஆற்ற வேண்டும். அதற்கென்றே சில நாளுக்கு ஒருமுறை மாற்றுகிற தற்காலிகப் பூச்சு உண்டு. அப்புறம் புது அளவெடுத்துப் புது செட். அதற்குப் பிறகும் ஈறு தாங்கவில்லை என்றால் சிலிக்கோன் கேளுங்கள். வசதியும் உடம்பும் இடம் கொடுத்தால் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட், அதாவது திருகு மாதிரியான செயற்கை வேர், வைத்து அதில் செட்டை மாட்டலாம். 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதைத்தான் முதலில் யோசிக்கச் சொன்னார்கள்.

அம்மா வெற்றிலை போடுவாரா? எழுதவில்லை, சோழவந்தான் என்பதால் கேட்கிறேன். சொரசொரத்த லைனிங்கில் பாக்குத் தூள் அப்பிக்கொண்டு ஈறை உரசும். செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பாக்கு போடுகிற வாயில் ஆறாத புண்ணை அலட்சியம் செய்யவே கூடாது.

கேள்வி: அப்பாவின் செட்டிலும் லைனிங் உண்டு. ராத்திரி கழற்றச் சொன்னால், பொக்கை வாயைப் பேரன் பார்த்துவிடுவான் என்று மறுக்கிறார். வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாதா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: வெந்நீர் வேண்டவே வேண்டாம், செட் கோணிவிடும். பிளீச்சிங் பவுடர், பற்பசை இரண்டும் லைனிங்கைக் கெடுக்கும். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷில் லேசாகச் சோப்பு தொட்டுத் தேய்த்தால் போதும். ஈறுக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும். விளக்கை அணைத்த பிறகு கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவிட்டு, பேரன் எழுவதற்கு முன் மாட்டிக்கொள்ளட்டும். மூடி போட்ட டப்பா ஒன்றை அப்பாவின் தலைமாட்டில் நீங்களே வைத்துவிடுங்கள்.