பாவற்காய் வற்றலும் நெல் மீற்றரும்

கேள்வி: ஐயா, அவிசாவளையில் கால் ஏக்கரில் பாவற்காய் போட்டிருக்கிறேன். விலை விழும் நாட்களில் வளையமாக வெட்டி, உப்பு மோரில் ஊறவைத்து, வற்றலாக்கி வெள்ளவத்தைக் கடையொன்றுக்குக் கொடுக்கிறேன். ஈரம் 10 வீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டோம் என்கிறார்கள். நெல்லுக்கு வைத்துப் பார்க்கும் மீற்றரை இரவல் வாங்கினேன். ஒரே வற்றலுக்கு ஒருமுறை 9 காட்டுகிறது, மறுமுறை 16. வீட்டில் சரியாக அளக்க வழி உண்டா? பப்பாசிக்கும் அதே முறை சரிவருமா?

பதில்: முதலில் மீற்றரை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நீரை நேரே அளப்பதில்லை. தானியம் மின்சாரத்துக்கு எப்படி இடம்கொடுக்கிறது என்று பார்த்து, நெல்லுக்கென்று போட்டுவைத்த கணக்கில் ஓர் எண்ணைச் சொல்கிறது. உங்கள் வற்றலிலோ உப்பு. உப்போடு கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே மின்சாரம் தாராளமாக ஓடும். வளையங்களுக்கு இடையில் காற்றும் நிற்கும். பிறகு எண் தடுமாறாமல் என்ன செய்யும்?

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசும், கேக் சுடும் அவணும் போதும். அவணின் திருகை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வற்றலைத் தட்டின் நாலைந்து இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஓரத்து வளையம் படக்கென்று முறியும். நடுவிலுள்ளதை மடக்கினால் விதையோடு ஒட்டிய பஞ்சு இன்னும் துவளும். நன்றாகக் காய்ந்ததை மட்டும் பொறுக்கினால் கடைக்காரரை அல்ல, உங்களைத்தான் ஏமாற்றுகிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து இடித்து, நிறை தெரிந்த மூடிப் பேணியொன்றில் 20 கிராம் போடுங்கள். மூடியைத் திறந்து 105 பாகை செல்சியஸில் மூன்று மணித்தியாலம். பிறகு ஆறவைத்து நிறுத்து, மீண்டும் ஒரு மணித்தியாலம் உள்ளே. அடுத்தடுத்த இரண்டு நிறைகள் ஒத்துவரும் வரை இதுதான் வேலை.

பலர் கோட்டைவிடுவது ஆறவைக்கும்போதுதான். சூட்டோடு நிறுத்தால் தராசு தப்பாகக் காட்டும். திறந்து ஆறவிட்டால் நம் ஊர் ஈரக் காற்று சும்மா விடாது. ஒருமுறை மூட மறந்து தொலைபேசியில் பேசிவிட்டு வந்தேன். தராசின் கடைசி இலக்கம் என் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது! பேணியை அவணுக்குள்ளேயே மூடி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெரிய போத்தலுக்குள் வைத்து ஆறவிடுங்கள். நிறுக்கும்போதும் மூடி கழலக்கூடாது.

20 கிராம் 17.40 ஆனால் போனது 2.60, அதை 20ஆல் வகுத்தால் 13 வீதம். இனித்தான் இதன் உண்மையான பயன். காயும்போது போவது நீர். திண்மம் அப்படியே இருக்கும். அதே தட்டில் 750 கிராம் வற்றல் இருந்தால், அதில் திண்மம் 652.5 கிராம். 10 வீத ஈரத்தில் அந்தத் திண்மம் மொத்த நிறையில் 90 வீதமாக இருக்க வேண்டும். 652.5ஐ 0.9ஆல் வகுத்தால் 725. ஆக, தட்டிலுள்ள வற்றல் 725 கிராமுக்கு இறங்கும்வரை காயவிடுங்கள். கடை கேட்பது 10க்குள் என்பதால் நானாக இருந்தால் 715 வரை விடுவேன். ஒரு தொகுதிக்கு ஒருமுறை அவண் போட்டால் போதும், மிச்சத்தைத் தராசு பார்த்துக்கொள்ளும்.

பச்சைப் பாவற்காயில் சுமார் 94 வீதம் நீர். 10 கிலோவில் திண்மம் 600 கிராம்தான். 10 வீத ஈரத்தில் வற்றல் ஏறக்குறைய 667 கிராம். விலை பேசும்போது இது கைகொடுக்கும். ஆனால் இது வெறும் காய்க்கான கணக்கு. நீங்கள் மோரில் ஊறவைக்கும்போது உப்பும் மோரின் திண்மமும் உள்ளே ஏறுகின்றன. அதனால் பச்சைக் காயின் நிறையிலிருந்து கணக்குப் போடாமல், ஊறவைத்த வற்றலையே அவணில் வைத்துப் பாருங்கள்.

பப்பாசிக்கு இந்தச் சூடு ஆகாது. 105இல் பழச்சீனி கருகிச் சிதையும். அந்த இழப்பையும் நீரென்று எண்ணிவிடுவீர்கள். ஆய்வுகூடங்களில் பழங்களை 70 பாகையளவில், காற்றை உறிஞ்சி எடுத்த அவணில் உலர்த்துகிறார்கள். வீட்டில் அது முடியாது. மெல்லிய சீவலாக்கி, விசிறியுள்ள அவணில் 70 பாகையில் நிறை மாறாமல் நிற்கும்வரை வைத்தால் அண்ணளவான எண் கிடைக்கும். கடை சான்றிதழ் கேட்டால் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். பிரிக்ஸ் மீற்றரை யாராவது விற்க வந்தால் இதற்கென்று வாங்கிவிடாதீர்கள். அது சாற்றில் கரைந்துள்ள சீனியைச் சொல்லும். காய்ந்த பழத்தில் சொட்டு விட்டுப் பார்க்கச் சாறே இராது.