குழி பிட்ச் போட்டா மாட்டிக்கிறது யாரு?

கேள்வி: ஆசிரியர் சார், நம்ம டீம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா போனா வேகப்பந்துக்குன்னே புல்லு வளத்து வச்ச பிட்ச்ல ஆட விடுறாங்க, நாமளும் வாயத் தொறக்காம ஆடிட்டு வர்றோம். அவங்க இங்க வந்து முதல் நாள் பந்து கொஞ்சம் திரும்பிட்டா மட்டும் ஐயோ அம்மான்னு கத்துறாங்க. அடுத்து ஆஸ்திரேலியா வரும்போது எல்லா டெஸ்ட்டுக்கும் முதல் பந்துலேர்ந்தே சுத்துற பிட்ச்சா போட்டு ஒரு பாடம் கத்துக் குடுத்தா என்ன?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி கேள்விக்கு நானும் உங்க கட்சிதான். 2024 ஜனவரில கேப்டவுன்ல நடந்தத பாத்தோமே, தென் ஆப்பிரிக்கா 55க்கு ஆல் அவுட், சிராஜ் 15 ரன் குடுத்து 6 விக்கெட், அப்புறம் நாம 153ல இருக்கும்போது ஒரு ரன் கூட சேராம கடைசி 6 விக்கெட்டும் போச்சு, மொத்த மேட்ச்சும் 642 பந்துல முடிஞ்சுது, முடிவு வந்த டெஸ்ட்கள்லயே அதவிட சின்னதா இன்னொண்ணு கிடையாது. ஜெயிச்ச கையோட ரோகித் சர்மா சொன்னதும் நீங்க சொல்றதுதான், இந்த மாதிரி பிட்ச்ல ஆட எங்களுக்கு கஷ்டம் இல்ல, இந்தியா வந்தா நீங்களும் வாய மூடிக்கிட்டு ஆடுங்கன்னு. (ஆக, நாம வாயத் தொறக்காம ஆடிட்டு வர்றோம்னு நீங்க எழுதுனது கொஞ்சம் ஓவர்.) 1956ல ஓல்ட் டிராஃபோர்டுல இங்கிலாந்து ஸ்பின்னர் ஜிம் லேக்கர் ஒரே மேட்ச்ல 90 ரன் குடுத்து 19 விக்கெட் எடுத்தப்ப ஆஸ்திரேலியாக்காரங்க பிட்ச்ச திட்டாத திட்டா? அது கான்பூர் இல்ல, மான்செஸ்டர்.

அதனால சொந்த ஊர்ல தனக்கு வாட்டமா மண்ண ரெடி பண்றது தப்பும் இல்ல, நம்ம கண்டுபிடிப்பும் இல்ல. என் சண்டை அதுல இல்ல. பாடம் கத்துக் குடுக்கணும்ங்கிறீங்களே, முதல் நாளே கண்டபடி சுத்துற அந்தக் குழி பிட்ச்ல இதுவரைக்கும் யாரு அடி வாங்கியிருக்காங்கன்னு ஒரு தடவ எண்ணிப் பாத்தீங்களா?

2012ல தோனி முதல் நாளே திரும்புற பிட்ச் வேணும்னு வெளிப்படையாவே கேட்டாரு, மும்பை வான்கடேல கிடைச்சுது, பனேசர் 11, ஸ்வான் 8, ஆக நம்ம 20 விக்கெட்ல 19 இங்கிலாந்து ஸ்பின்னருக்கு, அதே பிட்ச்ல பீட்டர்சன் 186 அடிச்சாரு, சீரிஸும் போச்சு. 2017 புனே. அப்ப டெஸ்ட் ரேங்கிங்ல அஸ்வின் முதல் இடம், ஜடேஜா ரெண்டாவது, ஆனா மேட்ச்ச தூக்கிட்டுப் போனது ஆஸ்திரேலியா ஸ்பின்னர் ஸ்டீவ் ஓ'கீஃப், 35 ரன்னுக்கு 6 விக்கெட், அடுத்த இன்னிங்ஸ்லயும் அச்சு அசலா 35க்கு 6. நாம 105, 107. மூணே நாள்ல 333 ரன் வித்தியாசத்துல தோத்தோம், அதுக்கு மேல மேட்ச் ரெஃப்ரி கிறிஸ் பிராட் பிட்ச் மோசம்னு மார்க் வேற போட்டாரு. 2023 இந்தூர்ல குனேமன்னு ஒரு பையன், அவருக்கு அது ரெண்டாவது டெஸ்ட்தான், 16 ரன்னுக்கு 5 விக்கெட், அடுத்த இன்னிங்ஸ்ல லயன் 64க்கு 8, ஆஸ்திரேலியா 9 விக்கெட்ல ஜெயிச்சுது. 2024ல நியூசிலாந்து வந்தப்ப பெங்களூர்ல 46க்கு சுருண்டது வேகப்பந்துக்கு, அத விட்டுருங்க, அதுக்கப்புறம் கேட்டு வாங்குன பிட்ச் கதையப் பாருங்க, டெஸ்ட்ல அதுவரைக்கும் ஒரு தடவ கூட 5 விக்கெட் எடுக்காத சான்ட்னர் புனேல 13 எடுத்தாரு, மும்பைல அஜாஸ் படேல் 11, நாம 147 அடிக்க முடியாம 121க்கு அவுட். 12 வருஷமா சொந்த மண்ணுல ஒரு சீரிஸ் கூட தோக்காத டீம், 3-0. போதாதுன்னு 2025 நவம்பர்ல கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், தேவை 124, அடிச்சது 93, தென் ஆப்பிரிக்கா ஸ்பின்னர் சைமன் ஹார்மருக்கு மேட்ச்ல 8 விக்கெட், இது நாங்க கேட்ட பிட்ச்தான்னு கோச் கம்பீரே சொல்லிட்டாரு.

இத்தனை தடவ நடந்தா அது ராசி இல்ல, காரணம் இருக்கு. நல்ல பிட்ச்ல அஸ்வின் மாதிரி ஒருத்தர் ஒரு விக்கெட்டுக்கு அரை மணி நேரம் உழைப்பாரு. பந்த கண்ணுக்கு மேல தூக்கிப் போடுவாரு, வேகத்த லேசா கூட்டிக் குறைப்பாரு, கிரீஸ் ஓரத்துக்குப் போய் கோணத்த மாத்துவாரு, பேட்ஸ்மேன் முன்னாடி வரலாமா பின்னாடி போலாமான்னு குழம்புற நேரத்துல ஸ்லிப்ல கேட்ச். குழி பிட்ச்ல இது எதுவும் தேவையில்ல. ஒரே இடத்துல கொஞ்சம் வேகமா குத்திக்கிட்டே இருந்தா போதும், ஒரு பந்து ஒரு முழம் திரும்பும், அடுத்தது அதே மாதிரி விழுந்து நேரா போய் கால்ல அடிக்கும், எது திரும்பும் எது திரும்பாதுன்னு போட்டவருக்கே தெரியாது. வெண்ணெய வெட்ட மொன்னைக் கத்தியே போதுமே, அப்புறம் நம்ம கைல கூர் கத்தி இருந்து என்ன பிரயோஜனம்? 2021 அகமதாபாத் பகலிரவு டெஸ்ட் நாம ரெண்டே நாள்ல ஜெயிச்சதுதான், அக்சர் படேல் 11 விக்கெட் எடுத்தாரு, இல்லைங்கல. ஆனா அதே மேட்ச்ல இங்கிலாந்தோட ஜோ ரூட், எப்பவாவது பந்து போடுற ஒரு பேட்ஸ்மேன், 8 ரன் குடுத்து நம்ம ஆளுங்க 5 பேர தூக்கினாரு. அத நாம கைதட்டல்ல மறந்துட்டோம்.

இதுக்கு நேர் எதிரா 2016 இங்கிலாந்து சீரிஸ எடுத்துக்குங்க. யாரும் பிட்ச்ச பத்தி பெருசா பேசாத சீரிஸ். ராஜ்கோட்ல இங்கிலாந்து 537 அடிச்சு டிரா பண்ணுச்சு, மும்பைல 400, நம்ம சேப்பாக்கத்துல 477. கேட்டா நல்லாத்தான ஆடியிருக்காங்கன்னு தோணும். ஆனா 400 அடிச்ச மும்பைலயும் இன்னிங்ஸ் தோல்வி, 477 அடிச்ச சென்னைலயும் இன்னிங்ஸ் தோல்வி, சீரிஸ் 4-0. சென்னைல கருண் நாயர் முந்நூறு அடிச்சு நாம 759 எடுத்தோம், கடைசி நாள் இங்கிலாந்து விக்கெட் இழக்காம 103 வரைக்கும் போயிடுச்சு, டிராதான்னு எல்லாரும் கிளம்புற நேரம், ஜடேஜா 7 விக்கெட், 207க்கு ஆல் அவுட். அஞ்சு நாள் ஆடுனா யார்கிட்ட சரக்கு இருக்குன்னு தெரிஞ்சுரும், அஸ்வின் 28, ஜடேஜா 26. ஒரு வெளிநாட்டு பத்திரிகைக்காரர் கூட குத்தம் சொல்ல வழியில்லாத அடி அது, உங்களுக்கு வேண்டிய பாடமும் அதுல இருந்துச்சு.

பாகிஸ்தான் இதையே பண்ணி ஜெயிச்சாங்களேன்னு கேப்பீங்க. ஆமா, 2024 அக்டோபர்ல முல்தான்ல இங்கிலாந்து 823 அடிச்சதும் அரண்டு போய், ஆடித் தேஞ்ச அதே பிட்ச்லயே ரெண்டாவது டெஸ்ட்ட வச்சாங்க, ராவல்பிண்டில ராட்சச ஃபேன் எல்லாம் வச்சு மண்ண காய வச்சாங்க, முல்தான்ல ஸ்பின்னருங்க சஜித் கானும் நோமன் அலியும் சேந்து 20 விக்கெட்டையும் எடுத்தாங்க, சீரிஸ் 2-1. எனக்கு அதுல கோவம் இல்ல, அவங்க கைல வேற வழி இல்ல, அவங்க ஸ்பின்னர் இங்கிலாந்து ஸ்பின்னர விட எவ்வளவோ மேல. ஆனா மூணே மாசம் கழிச்சு, அதே முல்தான்ல, அதே மாதிரி பிட்ச்ல வெஸ்ட் இண்டீஸ் வந்து ஒரு டெஸ்ட் ஜெயிச்சுட்டுப் போனாங்க. ஜோமெல் வாரிக்கன் அந்த மேட்ச்ல 9 விக்கெட், தொடர் நாயகனும் அவருதான். 30 வருஷத்துக்கு மேல அந்த மண்ணுல ஒரு டெஸ்ட் ஜெயிக்காத டீம் அது.

டீம் மேனேஜ்மென்ட் ஏன் இதையே கேக்குதுன்னா, டெஸ்ட் சாம்பியன்ஷிப்ல ஜெயிச்சா 12 பாயின்ட், டிரா பண்ணா 4, அந்தப் பயம். நியாயமான பயம்தான். ஆனா வருஷா வருஷம் இந்த மாதிரி பிட்ச்லயே ஆடி நம்ம பேட்ஸ்மேன்களுக்கு ஸ்பின்னு வந்தாலே கால் எங்க வைக்கணும்னு தெரியாம போச்சு, ஒரு காலத்துல ஆஸ்திரேலியா ஸ்பின் ஜாம்பவான் ஷேன் வார்னேயே இங்க வந்து தலையில கைவச்ச ஊர் இது. கொல்கத்தாவுக்கு அடுத்த வாரம் குவாஹாட்டில ஒழுங்கான பிட்ச்தான், தென் ஆப்பிரிக்கா 489 அடிச்சாங்க, நாம 201, 140, மறுபடி ஹார்மர் ஒரே இன்னிங்ஸ்ல 37க்கு 6, தோல்வி 408 ரன்ல. அதுக்கு பிட்ச் ரெடி பண்ற எந்த க்யூரேட்டர திட்டுவீங்க?

ஆஸ்திரேலியா வரும்போது எனக்கு வேணும்னா 2024 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல பங்களாதேஷுக்குப் போட்ட செம்மண் பிட்ச் மாதிரி போடுங்க. முதல் நாள் வேகப்பந்துக்கு எகிறுச்சு, நாமளே 144க்கு 6 விக்கெட்ல தடுமாறுனோம், அப்புறம் அஸ்வின் 113 அடிச்சாரு, கில், பண்ட் ரெண்டு பேரும் சதம் அடிச்சாங்க, நாலாவது நாள் அதே அஸ்வின் 88க்கு 6 எடுத்து முடிச்சாரு. எல்லாருக்கும் அதுல வேல இருந்துச்சு. நீங்க கேக்குற பிட்ச் ரெடின்னு தெரிஞ்சா ஆஸ்திரேலியா செலக்டர்ங்க முதல்ல குனேமன் பேரத்தான் எழுதுவாங்க, ரெண்டாவது பேரு டாட் மர்ஃபி, நாக்பூர்ல முதல் டெஸ்ட்லயே 7 விக்கெட் எடுத்த ஆளு.