ராயபுரம் ஏன் இப்படி ஆனது?

அன்புள்ள ஐயா,

திருவள்ளூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு தினமும் மின்சார ரயிலில் வேலைக்கு வருகிறேன். வழியில் ராயபுரத்தில் வண்டி நிற்பதே தெரியாது, கிளம்பிவிடும். தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன் அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். என் நண்பரோ சென்ட்ரல்தான் முதல் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? ராயபுரம்தான் என்றால் அது ஏன் இப்படி ஆனது?

*

அன்புள்ள நண்பருக்கு,

ராயபுரம்தான். சென்ட்ரல் வந்தது 1873-இல். அதற்கு 17 வருடம் முன்பே, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை. ஆற்காடு வரை என்று பெயர். வண்டி போய் நின்றது இன்றைய வாலாஜா ரோட்டில். (வெறும் தண்டவாளம் என்றால் இன்னும் பின்னால் போகலாம். சாலை போடுவதற்கான கல்லைச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஏற்றிவர 1837 வாக்கிலேயே ஒரு பாதை இருந்தது.)

ராயபுரத்தை ஏன் பிடித்தார்கள்? அன்றைக்குச் சென்னையில் கட்டிய துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரை சேரவேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். அந்தப் படகுக்காரர்கள் வாழ்ந்த இடம் ராயபுரம். அவர்கள் கும்பிட்ட இராயப்பர், அதாவது புனித பீட்டர், பெயரால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கோட்டை பக்கம், வியாபாரம் நடந்த இன்றைய ஜார்ஜ் டவுன் அதைவிடப் பக்கம். ரயில் வேறெங்கே தொடங்கியிருக்கும்?

அப்புறம் ஊர் தெற்கிலும் மேற்கிலும் விரிந்தது. தூரத்து ரயில்கள் சென்ட்ரலுக்குப் போயின. தெற்கே போகிறவர்களுக்கு 1908-இல் எழும்பூர் வந்தது. ராயபுரத்துக்கு மிஞ்சியது சரக்கும் உள்ளூர் வண்டிகளும்தான்.

ஆனால் கட்டடம் மிஞ்சியிருக்கிறது, அதுதான் பெரிய விஷயம். 1853-இல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய போரிபந்தரிலும் தாணேயிலும் அன்றைய ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. ராயபுரத்தில் அந்த உயரமான தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஜன்னல் வழியே பார்த்தால் பிடிபடாது. ஒருநாள் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை நின்று பாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பாதை ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத்தான் வாலாஜாவுக்குப் போனது. நீங்கள் தினமும் வந்துபோவது அதே வழியில்தான்.